எலிவேட்டரா, ஊர்ப் புத்தகமா, கல்லா? மறையும் பிரெய்ரி ஊருக்கு எதைச் செய்வது

பிரெய்ரி என்பது கனடாவின் மேற்குப் புல்வெளி மாகாணங்கள்: மானிட்டோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா. அதில் தென்கிழக்குச் சஸ்காச்சுவானில் ஒரு சிற்றூரில் மோட்டல் நடத்தும் தமிழ்ப் பெண் ஒருவர் போன மாதம் எனக்குப் போன் செய்தார். ஊரில் இப்போது நாற்பது பேர்கூட இல்லை. ஊர்ச் சபையைக் கலைத்துவிட்டு, சுற்றியுள்ள ஊரக நகராட்சியோடு (இங்கே எல்லாரும் ஆர்.எம். என்பார்கள்) சேர்ந்துவிடலாம் என்று பேச்சு நடக்கிறது. கர்லிங் (பனிக்கட்டியில் கல்லைச் சறுக்கவிடும் விளையாட்டு) அரங்கத்தை மூடியபோது மிஞ்சிய பதினெட்டாயிரம் டாலர் வங்கியில் கிடக்கிறது. ஊரின் பெயர் போவதற்குள் அந்தப் பணத்தில் எதையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று ஏழு பேர் சேர்ந்து ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். அதில் ஆறு பேர் எழுபதைத் தாண்டியவர்கள். கணினி தெரிந்தவர் இவர்தான் என்பதால் இவரைச் செயலாளராகப் போட்டுவிட்டார்கள். ஒருவர் எலிவேட்டருக்கு, அதாவது பழைய தானியக் கோபுரத்துக்கு, பெயின்ட் அடிக்கலாம் என்கிறார், இன்னொருவர் தேவாலயத்தை மியூசியத்துக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார், மூன்றாமவருக்குப் புத்தகம் போட ஆசை, இருப்பவர்களிலேயே மூத்தவர் ஒரு கல் நட்டால் போதும் என்கிறார். "அண்ணா, நான் இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருசம்தான், நான் என்னத்தைச் சொல்லுறது?" என்று கேட்டார்.

அதன்பிறகு மானிட்டோபாவில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸும், ஆல்பர்ட்டாவில் இருக்கும் ஓர் ஆசிரியரும் கிட்டத்தட்ட இதையே கேட்டார்கள். இப்படிப்பட்ட ஊர்களில் இன்று மோட்டல், பெட்ரோல் நிலையம், முதியோர் இல்லம் எல்லாம் வெளியிலிருந்து வந்தவர்கள் கையில் இருப்பதால், ஊரின் கடைசிப் பொறுப்புகளும் அவர்கள் தலையில் வந்து சேர்கின்றன. நான் பதினாறு வருடமாக வேலை நிமித்தம் இந்த ஊர்களுக்குள் வண்டி ஓட்டுகிறவன். போனில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

## ஊர் ஏன் போயிற்று

இதைத் தெரிந்துகொள்ளாமல் எதைக் காப்பது என்று முடிவெடுக்க முடியாது. எலிவேட்டர் என்றால் இங்கே மாடிக்குப் போகும் லிஃப்ட் இல்லை. விவசாயி கொண்டுவரும் கோதுமையை எடை போட்டு, தரம் பார்த்து, வாளி கோத்த பெல்ட்டால் மேலே ஏற்றி, அறை அறையாகச் சேமித்து, அப்புறம் ரயில் பெட்டியில் இறக்கும் மரக் கோபுரம். எழுபது, எண்பது அடி உயரம் இருக்கும், தட்டையான நிலத்தில் பல கிலோமீட்டர் தூரத்திலிருந்தே தெரியும். 1930களில் மேற்குக் கனடாவில் இவை 5,700க்கு மேல் இருந்தன. இன்று மிஞ்சி நிற்பவை சில நூறுதான்.

இந்த ஊர்கள் பிறந்ததே குதிரை நடக்கும் தூரத்தை வைத்துத்தான். காலையில் கோதுமை ஏற்றிக்கொண்டு கிளம்பும் விவசாயி இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும், ஆகவே ரயில் பாதையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஓர் எலிவேட்டர், அதை ஒட்டி ஒரு கடை, ஒரு தபால் நிலையம், ஒரு பள்ளி. கிராண்ட் டிரங்க் பசிபிக் ரயில் கம்பெனி தன் பாதையில் வந்த ஊர்களுக்கு ஆங்கில அகரவரிசைப்படி பெயர் வைத்துக்கொண்டே போனது: கூட்ஈவ் (G), ஹப்பர்ட் (H), ஐட்டூனா (I), ஜாஸ்மின் (J), கெலிஹர் (K), லெஸ்டாக் (L) என்று ஓடி, வாட்ரஸ் (W), ஜீனா (X), யங் (Y), ஜெல்மாவில் (Z) வந்து முடியும். உடனே மறுபடி ஆலன், பிராட்வெல், கிளாவெட் என்று தொடங்கும். 1872ஆம் வருடச் சட்டப்படி பத்து டாலர் கட்டணம் கட்டினால் 160 ஏக்கர் கிடைத்தது. அதை நம்பி எங்கெங்கிருந்தோ வந்து குடியேறியவர்களால் 1931இல் சஸ்காச்சுவானின் மக்கள் தொகை 9 லட்சத்து 21 ஆயிரத்தைத் தொட்டது, கனடாவிலேயே மூன்றாவது பெரிய மாகாணம் ஆனது.

அப்புறம் லாரி வந்தது. அரை மணி நேரத்தில் நாற்பது கிலோமீட்டர் போக முடியும் என்றானபின் பதினைந்து கிலோமீட்டருக்கு ஓர் ஊர் எதற்கு? 1930களின் வறட்சியில் ஒரு பகுதி ஜனம் போனது, டிராக்டரும் கம்பைன் அறுவடை எந்திரமும் பண்ணைகளைப் பெரிதாக்கியதில் இன்னொரு பகுதி போனது, 1940களின் நடுவிலிருந்து சிறு பள்ளிகளை இணைக்க ஆரம்பித்தார்கள். 1993இல் சஸ்காச்சுவானில் 52 ஊரக மருத்துவமனைகளை மூடினார்கள் அல்லது சிறு நலவாழ்வு மையங்களாகக் குறைத்தார்கள். 1897 முதல் ஏதாவது ஒரு வடிவில் இருந்துவந்த 'க்ரோ' என்ற தானிய ரயில் கட்டணச் சலுகை 1995இல் முற்றாக முடிந்தது, கிளைப் பாதைகள் வேகவேகமாகப் பிடுங்கப்பட்டன, பாதை போனதும் எலிவேட்டருக்கு வேலை இல்லாமல் போயிற்று. 2017 மே 31ஆம் தேதியோடு மாகாண அரசின் பேருந்துச் சேவையும் நின்றது.

ஒவ்வொரு படியிலும் நடந்தது ஒன்றுதான்: ஒரு பயன் போனது, அதோடு அதைத் தாங்கிய ஆட்களும் போனார்கள். நீங்கள் காக்க நினைக்கும் பொருளுக்கும் இதே கதி வரும். அதற்குப் பயனும் ஆளும் இருக்கும்வரைதான் அது நிற்கும்.

## எதை வைத்து எடை போடுவது

நான் நான்கு கேள்விகள் கேட்பேன்.

முதலாவது, எது சீக்கிரம் அழியும்? கூரை நன்றாக இருக்கும் எலிவேட்டர் இன்னும் இருபது வருடம் நிற்கலாம். எண்பத்தெட்டு வயதுக்காரரின் ஞாபகம் அடுத்த குளிர்காலத்தைத் தாண்டும் என்று சொல்ல முடியாது. குழுக் கூட்டங்களில் பெரும்பாலும் பெரிய பொருளைப் பற்றித்தான் முதலில் பேசுகிறார்கள். அது தவறான வரிசை.

இரண்டாவது, பத்தாவது வருடச் செலவு எவ்வளவு? முதல் வருடச் செலவுக்கு மானியம் கிடைக்கும், நன்கொடை வரும், பழைய ஊர்க்காரர்கள் கால்கரியிலிருந்து செக் அனுப்புவார்கள். பத்தாவது வருடம் காப்பீட்டுக்கும் கூரைக்கும் புல் வெட்டவும் செக் அனுப்ப யாரும் இருக்கமாட்டார்கள்.

மூன்றாவது, யார் பார்த்துக்கொள்வார்கள்? இதற்கு 'குழு' என்று பதில் சொல்லக் கூடாது, ஆள் பெயர் சொல்ல வேண்டும். அறுபது வயதுக்குக் கீழே ஒரு பெயராவது வராவிட்டால் அந்தத் திட்டத்தைச் சின்னதாக்குங்கள்.

நான்காவது, இது யாரை நினைவில் வைக்கிறது, யாரை விட்டுவிடுகிறது? இந்தக் கேள்வியைக் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை. வெளியிலிருந்து வந்த நீங்கள்தான் கேட்க வேண்டும்.

## கட்டடத்தை நின்ற இடத்திலேயே காப்பது

மனசு முதலில் போவது இதற்குத்தான், எனக்கும் அப்படித்தான். ரயில் பாதைக் கரையில் எலிவேட்டர் நிற்கும்போது அந்த ஊர் எதற்காக இருந்தது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மானிட்டோபாவில் இங்லிஸ் என்ற ஊரில் ஐந்து மர எலிவேட்டர்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. 1920களில் எழத் தொடங்கிய வரிசை அது. 1995இல் பாதையைக் கைவிட்ட பிறகும் ஊர்க்காரர்கள் விடவில்லை, தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கச் செய்து, அரசுப் பணம் வாங்கிப் பழுது பார்த்தார்கள். உள்ளே போய் நின்று பாருங்கள், இரண்டுக்கு ஆறு அங்குலப் பலகையைப் படுக்கவைத்து ஒன்றின்மேல் ஒன்றாக ஆணியடித்து ஏற்றிய சுவர், தானியத்தின் அழுத்தத்தைத் தாங்குவதற்காக அப்படிக் கட்டினார்கள். எந்தப் படமும் புத்தகமும் அந்த வாசனையைக் கொடுக்காது.

ஆனால் பிளெமிங்கையும் சொல்ல வேண்டும். சஸ்காச்சுவான் கிழக்கு எல்லையில், நெடுஞ்சாலைக்கு அருகே, 1895இல் கட்டிய எலிவேட்டர். கனடாவில் நின்றுகொண்டிருந்தவற்றிலேயே பழையது, அதுவும் தேசியச் சின்னம். மீட்டெடுக்கும் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே 2010 பிப்ரவரியில் எரிந்து போனது. நூற்றுப் பதினைந்து வருடம் காய்ந்த மரம், இடுக்கெல்லாம் தானியத் தூசி. ஒரே இரவில் முடிந்தது.

மறைந்திருக்கும் செலவுகளைச் சொல்கிறேன். கட்டடம் உங்களுடையதாக இருக்கலாம், கீழே இருக்கும் நிலம் யாருடையது? எலிவேட்டர்கள் பெரும்பாலும் ரயில் கம்பெனியிடம் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் கட்டியவை, அந்தக் காகிதத்தை முதலில் தேடுங்கள். தானியக் கம்பெனி பெயருக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு கொடுத்த கட்டடத்தோடு பொறுப்பும் உங்களுக்கு வந்துவிடுகிறது, போட்டோ எடுக்க வந்தவர் ஏணியில் ஏறி விழுந்தால் கேள்வி உங்களிடம்தான் வரும், அதனால் பொறுப்புக் காப்பீடு இல்லாமல் ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். புறா எச்சம் அடி கணக்கில் இருக்கும், அதை வாரப் போகிறவருக்கு முகமூடி இல்லாமல் அனுமதி கொடுக்காதீர்கள். எண்பது அடி உயரத்துக்குப் பெயின்ட் அடிக்கத் தன்னார்வலர் போதாது, கிரேனும் பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டும். என் நண்பரின் பதினெட்டாயிரம் டாலர் பெயின்டுக்கே சரியாகப் போய்விடும், கூரை அப்படியே இருக்கும், கூரை ஒழுகினால் அடித்த பெயின்டால் என்ன பயன்? சட்டப்படி மரபுச் சொத்தாக அறிவித்தால் மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம், நல்லதுதான், ஆனால் அதன்பிறகு ஜன்னலை மாற்றவும் அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

இது எப்போது சரியான தேர்வு? கட்டடத்துக்கு இன்னும் ஒரு பயன் இருக்கும்போது. பக்கத்துப் பண்ணைக்காரர் எலிவேட்டரில் விதை சேமித்துக்கொண்டிருந்தால் அவரே கூரையைப் பார்த்துக்கொள்வார், அவரோடு சண்டை போடாமல் இருந்தாலே போதும். வெங்காயக் குவிமாடம் வைத்த உக்ரேனியத் தேவாலயங்களில் பல, வருடத்துக்கு ஒரு நாள் வழிபாட்டுக்காக மட்டும் திறக்கிறார்கள், அந்த ஒரு நாளுக்காகப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்து புல் வெட்டிச் சாயம் பூசிவிட்டுப் போகிறார்கள். ஆல்பர்ட்டாவின் ரவுலியில் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களே மிஞ்சினார்கள். மாதக் கடைசிச் சனிக்கிழமை பழைய மதுக்கடையில் பீட்சா விருந்து வைத்து, அதில் வந்த காசைக் கட்டடங்களுக்குச் செலவிட்டார்கள். அங்கே எலிவேட்டர்கள் நிற்பதற்கு அந்த விருந்து ஒரு முக்கியக் காரணம்.

## பெயர்த்துக்கொண்டு போய் மியூசியத்தில் வைப்பது

இது ஊருக்குச் செய்யும் துரோகம் என்று சிலர் கோபப்படுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிரெய்ரியில் கட்டடங்கள் எப்போதுமே நகர்ந்துகொண்டுதான் இருந்தன. உறைந்த நிலத்தில் கட்டைகளின்மேல் ஏற்றிக் குதிரைகளால் வீட்டையே இழுத்துப் போவார்கள். ஆல்பர்ட்டாவின் டோரதியில் இன்று எல்லாரும் படமெடுக்கும் இரண்டு சிறு தேவாலயங்களில் ஒன்று, 1932இல் பின்னெகன் என்ற இடத்திலிருந்து கொண்டுவந்து வைத்ததுதான்.

எட்மன்டனுக்குக் கிழக்கே உள்ள உக்ரேனியப் பண்பாட்டு மரபுக் கிராமத்தில் பல ஊர்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த கட்டடங்கள் இருக்கின்றன, பெல்லிஸ் ஊரின் எலிவேட்டர் உட்பட. நார்த் பேட்டில்போர்டில் உள்ள மாகாண மியூசியத்தில் கீட்லி என்ற ஊரிலிருந்து வந்த வீட் பூல் (விவசாயிகளின் தானியக் கூட்டுறவு) எலிவேட்டர் எண் 889 நிற்கிறது. அங்கே ஊழியர் உண்டு, பூட்டு உண்டு, தீயணைப்பு வசதி உண்டு, பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். ஆனால் கீட்லி எங்கே இருந்தது என்று அந்தப் பிள்ளைகளிடம் கேட்டால் தெரியாது. கட்டடம் பிழைத்துவிட்டது, ஊர் பலகையில் ஒரு வரியாகிவிட்டது.

செலவு கட்டடத்தைத் தூக்குவதில் மட்டும் இல்லை. வழியில் மின் கம்பிகளைத் தூக்கிப்பிடிக்க மின் நிறுவனத்துக்குக் கட்டணம், சாலை அனுமதி, புதிய இடத்தில் அடித்தளம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பராமரிப்புக்கு ஒரு தொகை கையோடு கொண்டுவரச் சொல்லும் மியூசியங்கள் உண்டு. ஓரறைப் பள்ளிக் கட்டடத்தை யாருமே வேண்டாம் என்பார்கள், ஏற்கெனவே ஒவ்வொருவரிடமும் ஒன்றோ இரண்டோ இருக்கிறது. கொண்டுபோன இடமும் நிரந்தரமில்லை. பிரதமராக இருந்த டீபன்பேக்கரின் குடும்ப வீட்டை போர்டன் பக்கத்திலிருந்து 1967இல் ரெஜைனாவுக்குக் கொண்டுபோனார்கள், பிற்பாடு அங்கிருந்தும் கிளப்பி மூஸ் ஜாவுக்குத் தெற்கே சுக்கானென் கப்பல் மியூசியத்துக்குக் கொண்டுபோனார்கள். பிரதமர் வீட்டுக்கே இரண்டு பயணம்.

உங்கள் கட்டடத்தில் வேறெங்கும் இல்லாத ஏதாவது இருந்தால், உதாரணமாக உள்ளே கையால் வரைந்த சுவரோவியம், அல்லது வேறெங்கும் மிஞ்சாத ஒரு கட்டுமான முறை, அப்போது இதைச் செய்யுங்கள். ஊரில் பார்த்துக்கொள்ள யாருமே இல்லை, ஆனால் கட்டடம் உறுதியாக இருக்கிறது என்றாலும் சரி. மற்றபடி முழுக் கட்டடத்துக்குப் பதிலாகத் தபால் நிலையத்தின் தபால் பெட்டி அடுக்கு, பள்ளி மணி, எலிவேட்டரின் தராசு மாதிரி சின்னப் பொருளைக் கொடுப்பது நல்லது. அவற்றை மியூசியங்கள் தயங்காமல் வாங்கிக்கொள்கின்றன.

## ஊர்ப் புத்தகம், குரல் பதிவு, பழைய காகிதங்கள்

இதில்தான் நான் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

பிரெய்ரி மாதிரி ஊர்ப் புத்தகம் போட்ட இடம் குறைவு. 1955இல் மாகாணத்தின் ஐம்பதாம் ஆண்டு, 1967இல் நாட்டின் நூறாம் ஆண்டு, 1980இல் மாகாணத்தின் எழுபத்தைந்தாம் ஆண்டு என்று ஒவ்வொரு கொண்டாட்டத்தின்போதும் ஊருக்கு ஊர் குழு அமைத்துத் தடித்த அட்டையில் நூல் போட்டார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் கதையைத் தானே எழுதிக் கொடுத்தது. பள்ளி வருகைப் பட்டியல், ஹாக்கி அணிப் படம், எலிவேட்டர் மேலாளர்கள் யார் யார், எந்த வருடம் எந்தக் கடை எரிந்தது, எல்லாம் இருக்கும். ஆல்பர்ட்டா பல்கலைக்கழகமும் கால்கரி பல்கலைக்கழகமும் இவற்றில் ஏராளமானவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. ஆகவே முதல் வேலை, உங்கள் ஊருக்கோ பக்கத்து ஊருக்கோ ஏற்கெனவே ஒரு புத்தகம் இருக்கிறதா என்று தேடுவது. பெரும்பாலும் இருக்கும்.

இருந்தால் வேலை முடிந்ததா? இல்லை. பெரும்பாலான புத்தகங்கள் 1980ஐ ஒட்டி நின்றுவிடுகின்றன. மேலே நான் சொன்ன கடைசி அடிகள் எல்லாம், மருத்துவமனை, ரயில், எலிவேட்டர், பேருந்து, அதன்பிறகு விழுந்தவை. அதாவது ஊர் எப்படி உருவானது என்பது அச்சில் இருக்கிறது, எப்படிக் கரைந்தது என்பது எங்கும் இல்லை. பள்ளி மூடிய அன்று கடைசி வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எலிவேட்டரை இடித்த நாளில் யார் யார் வண்டியை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கூட்டுறவுக் கடையை மூடலாம் என்ற ஓட்டெடுப்பில் எத்தனை கை உயர்ந்தது, இவற்றைச் சொல்லக்கூடியவர்கள் இன்று உயிரோடு இருக்கிறார்கள். அந்த நாற்பது வருடத்தை எழுதுங்கள். நூறு பக்கம் போதும்.

அடுத்தது, பழைய புத்தகங்கள் யாரை விட்டன என்பது. குடும்பம் எழுதிக் கொடுத்தால்தான் பக்கம் கிடைக்கும் என்றால், குடும்பம் இல்லாதவனுக்குப் பக்கம் இல்லை. பிரெய்ரியில் ஊருக்கு ஊர் ஒரு சீன உணவகம் இருந்தது. அதை நடத்தியவர் 1903 முதல் 1923 வரை வந்திருந்தால் நாட்டுக்குள் நுழையவே 500 டாலர் தலைவரி கட்டியிருப்பார். 1923இலிருந்து 1947 வரை சீனர் குடியேற்றத்தையே சட்டம் ஏறக்குறைய முழுதாக அடைத்துவிட்டது, மனைவியைக்கூட அழைத்துவர முடியவில்லை. முப்பது வருடம் ஊருக்குச் சோறு போட்டவர் பல புத்தகங்களில் ஒரு வரியில், சில சமயம் முழுப் பெயர்கூட இல்லாமல் வருகிறார். பூர்வகுடிகள் நிலையும் அதுதான். 1874இல் பூர்வகுடிகளோடு அரசு செய்த நான்காம் உடன்படிக்கை நிலத்தில் ஊர் நிற்கிறது, ஆனால் புத்தகம் முதல் வெள்ளைக் குடியேறியிலிருந்து தொடங்குகிறது. பன்னிச்சி என்ற ஊருக்கு அருகே, பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பங்களிலிருந்து பிரித்து வைத்த கார்டன் உறைவிடப் பள்ளி 1996 வரை இயங்கியது. அந்தச் சுற்றுவட்டாரத்தின் நினைவு என்று சொல்லிவிட்டு அதை விடமுடியுமா? இன்றைய பிலிப்பைன்ஸ் நர்ஸ், குஜராத்திக் கடைக்காரர், என் மோட்டல் நண்பர், இவர்களையும் இப்போதே எழுதாவிட்டால் இன்னொரு ஒற்றை வரிதான் மிஞ்சும்.

நான் தவறவிட்ட ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஓர் ஊரின் அலுவலகத்தைக் காலி செய்தபோது ஒரு பெட்டி போட்டோக்கள் கிடைத்தன, இருநூறுக்கு மேல் இருக்கும். பின்பக்கத்தில் ஒரு எழுத்தும் இல்லை. பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் இருந்த, அந்த ஊரில் ஆசிரியையாக இருந்த அம்மா ஒருவரிடம் கொண்டுபோனேன். ஒரு மதியத்தில் நாற்பது படங்களுக்குப் பெயர் சொன்னார், வரிசையாக, இடமிருந்து வலம், நாயின் பெயர் உட்பட. களைத்துவிட்டார், மிச்சத்தை விதைப்பு முடிந்து வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஜூனில் நான் போனபோது அந்த அறையில் வேறு ஒருவர் இருந்தார். நூற்று அறுபது சொச்சம் படங்கள் இன்னும் பெயரில்லாமல் இருக்கின்றன. அந்த மதியத்துக்கு எனக்கு ஆன செலவு பெட்ரோலும் ஒரு டப்பா பிஸ்கட்டும்தான், இன்னும் நான்கு மதியங்கள் போதுமாக இருந்திருக்கும்.

இதிலும் மறைமுகச் செலவு உண்டு. ஐந்நூறு பிரதி அச்சடித்து முந்நூறு பிரதி யாரோ ஒருவர் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஈரம் ஏறிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன், முன்பதிவு எண்ணிக்கைக்கு மேல் ஐம்பது மட்டும் அடியுங்கள். ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத ஐந்தாறு மணி நேரம் ஆகும். குரலைப் பொதுவில் வைக்கலாம் என்று கையெழுத்து வாங்க மறந்தால் பின்னால் பிள்ளைகள் தடுப்பார்கள், அது அவர்கள் உரிமை. பேஸ்புக்கில் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள், கணக்கு வைத்திருந்தவர் போனால் எல்லாம் போகும். மூன்று பிரதி எடுங்கள், ஒன்றை மாகாண ஆவணக் காப்பகத்துக்குக் கொடுங்கள். ஊர்ச் சபையின் கூட்டக் குறிப்பேடுகள், வரிப் பதிவேடுகள், கல்லறைப் பதிவேடு ஆகியவை ஆர்.எம். கைக்குப் போகும் முன் ஸ்கேன் செய்துவிடுங்கள். போனபின் கிடைக்காது என்று சொல்லவில்லை, ஆனால் எந்த அலமாரி என்று தேட நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள்.

என் நண்பர் யாழ்ப்பாணத்துக்காரர். 1981இல் நூலகம் எரிந்ததைப் பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்தவர், 2005இலிருந்து இயங்கும் நூலகம் எண்ணிம நூலகத்தில் தன் ஊர்ப் பள்ளி மலரைத் தேடிக் கண்டுபிடித்தவர். இந்தப் பகுதியை அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

## கல், கல்லறை, ஒன்றுகூடல்

மூத்தவர் சொன்ன கல்லைக் குறைத்து மதிக்காதீர்கள். சஸ்காச்சுவானில் ஒரு காலத்தில் ஏறக்குறைய 5,000 பள்ளி வட்டாரங்கள் இருந்தன. வயல் நடுவே பள்ளியின் பெயரும் திறந்த வருடமும் மூடிய வருடமும் மட்டும் எழுதிய பலகைகளைப் பார்க்கும்போதெல்லாம் நான் வண்டியை நிறுத்துகிறேன். மலிவு, பராமரிப்பு மிகக் குறைவு, நின்ற இடத்திலேயே நிற்கிறது. தெளிவாகத் தெரியும் மூலையில், சாலை அகலப்படுத்தினால் அடிபடாத தூரத்தில், நிலக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி நடுங்கள்.

கல்லறை வேறு விஷயம். எதையும் செய்யாவிட்டாலும் அதைச் செய்தாக வேண்டும் என்று நினைக்கிறேன். மரச் சிலுவைகள் உளுத்து, 1918இன் ஃப்ளூ கொள்ளைநோயில் இறந்தவர்களின் மண் மேடுகள் சமமாகி, யார் எங்கே என்று தெரியாமல் போகிறது. ஒரு வரைபடம், ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு படம், பதிவேட்டின் நகல், எல்லாம் சேர்ந்து ஒரு வார இறுதி வேலை. புல் வெட்ட ஆர்.எம். ஒப்புக்கொள்கிறதா என்று சபையைக் கலைக்கும் தீர்மானத்திலேயே எழுதி வாங்குங்கள், பின்னால் கேட்டால் பேச்சு மாறும். போர் நினைவுத் தூண் இருந்தால் அதையும் அதே தீர்மானத்தில் சேருங்கள்.

ஒன்றுகூடல் நல்லது, ஆனால் ஒரு தடவைதான் பெரிதாக நடக்கும். அந்த ஒரு தடவையைச் சாப்பாட்டோடு முடித்துவிடாமல் ஒரு மூலையில் ஸ்கேனரும் ஒலிப்பதிவுக் கருவியும் வையுங்கள்.

எதையும் காக்காமல் இடித்துவிடுவது பற்றியும் ஆல்பர்ட்டா ஆசிரியர் கேட்டிருந்தார். சாய்ந்துவிட்ட கட்டடத்தை இடிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இடிப்பதற்கு முன் எல்லா அறையையும் படமெடுத்து அளந்து, பலகைகளை ஊர்க்காரர்களுக்கு முதலில் கொடுத்துவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | நின்ற இடத்தில் | மியூசியத்துக்கு | புத்தகம், குரல், காகிதம் | கல், கல்லறை |
|---|---|---|---|---|
| அவசரம் | கூரையைப் பொறுத்தது | குறைவு | மிக அதிகம் | கல்லுக்கு இல்லை, கல்லறைப் பெயர்களுக்கு உண்டு |
| முதல் செலவு | பெரிது | மிகப் பெரிது | சிறிது | சிறிது |
| பத்தாவது வருடம் | காப்பீடு, கூரை, புல் | மியூசியம் தாங்கும், அது இருக்கும்வரை | ஏறக்குறைய இல்லை | புல் வெட்டும் கூலி |
| ஆள் தேவை | எப்போதும் | கொடுக்கும்வரை | ஒரு வருடம், உழைப்பு அதிகம் | வருடத்துக்கு இரண்டு நாள் |
| யாரை விடும் | கட்டடத்துக்குள் வராதவர்களை | ஊரையே | கேட்காமல் விட்டவர்களை | பெயர் பொறிக்காதவர்களை |
| எப்போது நல்லது | பயன் இன்னும் இருந்தால் | அபூர்வமானதாக இருந்தால் | எப்போதும், முதலில் | வேறொன்றும் முடியாதபோதும் |

## பதினெட்டாயிரம் டாலருக்கு நான் சொன்னது

குளிர்காலம் முழுக்கக் குரல் பதிவும் போட்டோவுக்குப் பெயரும். அதற்கு ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கருவி, ஒரு ஸ்கேனர், பெட்ரோல், ஒரு கல்லூரி மாணவருக்குச் சம்பளம், இவ்வளவையும் ஆறாயிரத்துக்குள் முடிக்கப் பார்க்கலாம். வசந்தத்தில் கல்லறை வரைபடமும் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் ஒரு பலகையும். 1980க்குப் பிந்தைய நாற்பது வருடத்துக்கு நூறு பக்கப் புத்தகம் அடுத்த வருடம். மிச்சம் இருப்பதைத் தேவாலயத்தின் கூரைக்கு வையுங்கள், ஏனென்றால் அங்கே இன்னும் ஆகஸ்டில் ஒரு ஞாயிறு பாட்டுச் சத்தம் கேட்கிறது, ரெஜைனாவிலிருந்து ஒரு தச்சர் வருடா வருடம் வருகிறார், அவருக்கு வயது நாற்பத்தி நான்கு. எலிவேட்டரைத் தொடாதீர்கள். கூரை போய்விட்டது, நிலம் ரயில் கம்பெனியுடையது, உள்ளே தண்ணீர் நிற்கிறது. அதை நான்கு திசையிலிருந்தும் உள்ளேயிருந்தும் படமெடுத்து, அதில் வேலை பார்த்தவர்களில் உயிரோடு இருக்கும் இரண்டு பேரை அதன் முன்னால் உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

பெயின்ட் அடிக்க வேண்டும் என்று சொன்னவர் இதை ஒத்துக்கொள்வாரா என்று தெரியவில்லை என்றார் நண்பர். அவருடைய அப்பா அதில் இருபத்தொரு வருடம் மேலாளராக இருந்தாராம். அப்படியென்றால் முதல் பதிவு அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்றேன். வருகிற வியாழன் மாலை ஹாலில் கூட்டம், போட்டோப் பெட்டியையும் கொண்டுபோகிறார். பேனா வேண்டாம், மை படத்தின் முன்பக்கத்துக்கு ஊறிவிடும், மென்மையான 4பி பென்சில் ஏழு வாங்கிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.